நெஸ்டர் என்ன சொல்வான்?

ரேடியோவில் சொல்லிவிட்ட சொல்லை அள்ளி எடுத்து மறுபடியும் வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமா?

போன வாரம் நார்பர்ட் ஸலெவ்ஸ்கி அப்படி ஒரு வேலைதான் செய்துவைத்திருந்தார். விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, பெயர், தெரு எல்லாம் சொல்லி, மில்வாக்கி ஊரே கேட்க முழங்கிவிட்டார்.

"நம்ம ஸ்டீமர்ஸ்காரங்க நெஸ்டர் கிஹானோவை வேற அணிக்குத் தள்ளிவிட்டாங்கன்னா, ஸ்டேடியத்துல முப்பது வருஷமா வெச்சிருக்கிற என் சீட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன். அந்த ஸ்டேடியம் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

முழங்கியவருக்கு ஒரு விஷயம் தெரியாது. நெஸ்டரைக் கொடுத்துவிடலாம் என்று ஸ்டீமர்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் முதன்முதலில் வாய் திறந்தது அவருடைய ஒரே மகள் ஜோஸிதான்.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து, பேக்கரி வரிசையில் ஜோஸி நின்றுகொண்டிருந்தாள். வெளியே பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சூடான ஹாம் இறைச்சியும் ரொட்டி ரோலும் வாங்காமல் வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறப்பது சந்தேகம்.

கோட்டுப் பைக்குள் கையை விட்டு, போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கவனித்தார்கள்.

"ஜோஸி கண்ணு, நான் ஒண்ணும் கேக்கலம்மா" என்றாள் கல்லாவில் இருந்த டாலி. "மூஞ்சி வாடியிருக்கே, சாப்பிட்டியா என்னன்னுதான்..."

"வாடியிருக்குன்னா நெஸ்டர் போறான்னு அர்த்தம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"போய்யா! டஜன் ரோல் வாங்குறா. இழவு வீட்டுக்காரி டஜன் ரோல் வாங்குவாளா? நெஸ்டர் இருக்கான்."

"இழவு வீட்டுக்குத்தான்யா நிறைய வாங்குவாங்க!"

ஜோஸி சிரித்துவைத்தாள். சிரிப்பதா வேண்டாமா என்றுகூட யோசித்துத்தான் சிரிக்க வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். நெஸ்டர் கேச்சர். முகத்தில் கம்பிக் கவசம் மாட்டிக்கொண்டு, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்குகிற வேலை. வயது முப்பத்தைந்து. பதினோரு வருஷமாக இதே ஊர், இதே அணி. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஆனால் குந்திக் குந்தி முட்டி தேய ஆரம்பித்துவிட்டது. அவனைப் போர்ட்லாண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மீக்கா டோரன்ஸ் என்கிற இருபத்திரண்டு வயதுப் பந்துவீச்சாளனை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஜோஸி போட்ட கணக்கு. ஆட்டக்காரர்களை எடைபோடும் பிரிவில் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில், அவள் சொல்லி நடக்கப்போகிற முதல் காரியம்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு அணிகளும் கை குலுக்கிவிட்டன. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷத்தை ஒரே அணியில் கழித்தவனை அவன் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்ப முடியாது. நெஸ்டர் 'சரி' சொல்ல வேண்டும். ஞாயிறு மூன்று மணி வரை யோசிக்க நேரம் கேட்டிருந்தான்.

போர்ட்லாண்ட் என்று ஊரில் ஏற்கெனவே ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் விஷயம் உறுதியாக வெளியே கசிந்தால் பேரமும் போச்சு, ஜோஸியின் வேலையும் போச்சு.

*

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே சண்டைச் சத்தம்.

"முட்டி போச்சுண்ணே! முட்டி போன வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? ஓடுற நிலைமையில இருக்கும்போதே தள்ளிவிட்டுடணும்!"

ஃப்ளோரியன் சித்தப்பா. அப்பாவின் தம்பி. பழைய கார் வாங்கி விற்பவர். எந்த வண்டியையும் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. எந்தச் சோபாவையும்கூட.

"நெஸ்டர் வண்டி இல்லடா. மனுஷன்" என்றார் நார்பர்ட். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே கடைசி சீட்டுக்காரனுக்கும் கேட்கிற மாதிரி பேசுவார். "அவன் குந்தி உக்காந்தான்னா, எதிர்ல பந்து போடுற சின்னப் பசங்களுக்கு ஒரு தைரியம் வரும். அது உன் கணக்குல ஏறுமா?"

"தைரியம் ஸ்கோர்போர்டுல ஏறலையேண்ணே! போன வருஷம் நாலாவது இடம்!"

"அஞ்சாவதா வந்திருக்க வேண்டியது. நெஸ்டரால நாலாவது."

ஜோஸி உள்ளே வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான்கு கண்கள் அவள் காலணியிலிருந்து தொப்பி வரை ஏறி இறங்கின.

"ஆரம்பிக்காதீங்க!" சமையலறையிலிருந்து அம்மா லொரெய்ன் கரண்டியோடு எட்டிப்பார்த்தாள். "இந்த வீட்டுச் சட்டம் என்ன? ஜோஸிகிட்ட அணியைப் பத்தி யாரும் கேக்கக் கூடாது. அவ வேலைக்கு ஆபத்து."

"நாங்க எங்கே கேட்டோம்?" என்றார் சித்தப்பா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. "வாம்மா ஜோஸி. குளிர் எப்படி இருக்கு? போர்ட்லாண்டுல எல்லாம் இப்ப மழையாமே?"

"ஃப்ளோரியன்!"

"வானிலை கேட்டேன் அண்ணி!"

லொரெய்ன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "நீ வா. கீழே நிலவறையில இருந்து ஊறுகாய் ஜாடி எடுத்துக் குடு. எனக்கு எட்ட மாட்டேங்குது."

எட்டாத ஜாடி எதுவும் அந்த வீட்டில் கிடையாது. அதையெல்லாம் அடுக்கிவைத்ததே லொரெய்ன்தான். ஜோஸிக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் இறங்கினாள்.

கீழே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே மடித்து மடித்து நீல ஜெர்ஸிகள். எல்லாவற்றின் முதுகிலும் கிஹானோ, கிஹானோ, கிஹானோ.

"கிறிஸ்துமஸுக்கு உங்கப்பா குடும்பத்துக்கே வாங்கி வெச்சிருக்காரு. உன் அத்தை, அத்தை பசங்க, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட ஒண்ணு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "திருப்பிக் குடுக்கணும்னா இன்னிக்குத்தான் கடைசி நாளாம். நாலு மணிக்குக் கடையை மூடிடுவான்."

"அம்மா!"

"நான் ஒண்ணும் கேக்கல. சட்டம் போட்டதே நான்தான், நானே மீறுவேனா? நீ வாயைத் திறக்கவே வேணாம். திருப்பிக் குடுக்கறது நல்லதுன்னா லேசா ஒரு இருமல். அவ்வளவுதான். இருமறது யாருக்கும் வர்றதுதானே?"

"அம்மா, இதுக்குப் பேர்தான் கேக்கறது!"

"இருமல் ஒரு தகவலா?"

நிலவறைத் தூசி ஜோஸியின் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையிலேயே உட்கார்ந்துகொண்டது. கண்ணில் நீர் கட்டியது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். ஜோஸி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, குளியலறைக்குள் புகுந்து கதவைத் தாழ் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வயிறு வலிக்க இருமித் தீர்த்தாள்.

கண்ணாடியில் முகம் சிவந்து கிடந்தது. இருமலோடு சிரிப்பும் வந்தது. சிரிப்போடு இன்னொன்றும் வந்தது. இந்த வீட்டு மாடியறையில்தான் அப்பாவோடு தரையில் படுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று வாதம் பண்ணியிருக்கிறாள். எட்டு வயதில் ஆரம்பித்தது. இந்த வேலை கிடைத்த அன்றைக்கு அப்பா தெருவெல்லாம் கேக் கொடுத்தார். அன்றைக்கே அந்த வாதமும் நின்றுபோனது. இரண்டு வருஷமாக அப்பாவோடு வானிலையும் கார் டயரும்தான் பேச்சு.

*

சாப்பாட்டு மேஜையில் ஹாம், ரோல், உருளைக்கிழங்கு, அம்மாவின் முட்டைக்கோஸ். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

ஜோஸி இரண்டாவது ரோலை எடுத்தாள். சித்தப்பா அண்ணனை முழங்கையால் இடித்தார். "பாத்தியாண்ணே? பசி இருக்கு. மனசுல பாரம் இல்ல."

ஜோஸி ரோலைத் திருப்பி வைத்தாள்.

"வெச்சுட்டா! பாரம் இருக்கு!"

"அவளைச் சாப்பிட விடுறா" என்றார் நார்பர்ட். ஆனால் அவர் கண்ணும் அந்த ரோல் மேலேயேதான் இருந்தது. "சரி, பேச்சுக்கு வெச்சுப்போம். நெஸ்டரைக் குடுத்துட்டு யாரை வாங்குவாங்க? போர்ட்லாண்டுல யாரு இருக்கா? அந்த டோரன்ஸ் பையனா? பந்து போடுறான், சரி. ஆனா இடதுகை மட்டைக்காரன் நின்னான்னா அடிச்சு நொறுக்கிடறானே!"

"அது போன வருஷம்ப்பா" என்றாள் ஜோஸி. "ஆகஸ்டுக்கு அப்புறம் பந்தைப் பிடிக்கிற பிடியை மாத்திட்டான். கட்டைவிரலைக் கீழே இறக்கி..."

நின்றுவிட்டாள்.

மூன்று முட்கரண்டிகள் தட்டில் இறங்கின.

ரசிகன் யாரும் போர்ட்லாண்டின் ஒரு சின்னப் பையனுடைய கட்டைவிரலை ஆகஸ்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். எடைபோட்டு வாங்க நினைத்தவள்தான் பார்ப்பாள்.

"கட்டைவிரல்!" சித்தப்பா மெல்ல எழுந்தார். கண்கள் பளபளத்தன. "டோரன்ஸ்! அப்ப டோரன்ஸ்தான்! அண்ணே, நான் சொன்னேன்ல? டோரன்ஸ்தான் வருவான்னு நான் நாலு நாளா கத்திக்கிட்டு இருக்கேன்ல?" அவர் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த போனுக்குப் போனது. ரேடியோ நிகழ்ச்சியின் எண் அதில் முதல் எண்ணாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நார்பர்ட் எழுந்தார். தம்பியின் கையிலிருந்து போனை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, மசித்த கிழங்குக்குள் அந்தப் போனை ஆழமாகச் சொருகி, மூடியைப் போட்டு மூடினார்.

"அண்ணே! அது புதுப் போன்!"

"இந்த மேஜையில யாரும் எதுவும் சொல்லல. யாரும் எதுவும் கேக்கல" என்றார் நார்பர்ட். "புரிஞ்சுதா ஃப்ளோரியன்? இது என் பொண்ணு வேலை."

"புரிஞ்சுதுண்ணே" என்றார் சித்தப்பா. பாத்திரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். "வெண்ணெய் போட்டிருக்கா அண்ணி?"

"நிறைய" என்றாள் லொரெய்ன்.

நார்பர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

*

வாசல் நடைபாதையில் அள்ளுகிற அளவுக்குப் பனி இல்லை. இருந்தாலும் அள்ளினார். சுத்தமாக இருந்த சிமெண்டையே மறுபடியும் மறுபடியும் சுரண்டினார்.

ஜோஸி தொப்பிகூடப் போடாமல் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அப்பா."

"உள்ளே போ. காது உறைஞ்சிடும்."

"அப்பா, நான்..."

"சொல்லாதே." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரும்பினார். மூக்கு நுனி சிவந்திருந்தது, குளிராலா வேறெதனாலா என்று ஜோஸிக்குத் தெரியவில்லை. "நீ சொன்னா நான் கேட்ட மாதிரி ஆயிடும். எனக்கு எதுவும் தெரியாது. நான் கிழங்கைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் தலையாட்டினாள்.

"அணியைப் பத்தி இல்லாம ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நீ ஆபீஸ்ல ஏதாவது ஒண்ணு சொல்றேன்னு வெச்சுக்கோ. எதைப் பத்தின்னு எனக்கு வேணாம். அதை நீ நம்பித்தான் சொல்றியா? இல்ல, மேல இருக்கறவங்க சந்தோஷப்படணும்னு சொல்றியா?"

"நம்பித்தான்ப்பா."

"ராத்திரி தூங்குறியா?"

"ரெண்டு வாரமா இல்ல."

நார்பர்ட் மூச்சுவிட்டார். வெள்ளைப் புகையாக வந்தது. "நம்பிச் சொன்னா சரி. பேருந்து ஓட்டும்போது எனக்குப் பின்னாடி அம்பது பேர் உக்காந்து, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்புன்னு கத்துவான். ஸ்டியரிங் என் கையிலதானே? நான்தானே திருப்பணும்?" மறுபடியும் சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். "கத்தறவன் கத்துவான். நானும் கத்துவேன். அது வேற."

"அப்ப... உங்க சீட்டு?"

"அதுல மாத்தமே இல்ல." நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ரேடியோல சொல்லியாச்சு. ஊரே கேட்டிருக்கு."

"அப்பா! முப்பது வருஷம்!"

"நீ நம்பிச் சொன்ன. நானும் நம்பித்தானே சொன்னேன்?"

ஜோஸிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து ஒரு கை பனியை அள்ளி அப்பாவின் கழுத்துக்குள் போட்டாள். அவர் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு மண்வெட்டியை வீசிவிட்டு ஆடினார். அவரும் ஒரு பிடி அள்ளினார்.

அப்போதுதான் வீட்டு ஜன்னல் படபடவென்று தட்டப்பட்டது. உள்ளே லொரெய்ன் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஃப்ளோரியன் கிழங்கு ஒட்டிய போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினார். கண்ணாடி வழியே வாய் மட்டும்தான் அசைந்தது.

ஜோஸியின் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அவளுடைய மேலாளர் ஆடெல் விட்காம்ப் இரண்டே சொல் அனுப்பியிருந்தார்.

'மாட்டேன் என்றுவிட்டான்.'

கதவு திறந்துகொண்டது. சித்தப்பாவின் குரல் தெருவில் பாய்ந்தது. "போக மாட்டானாம்ணே! செய்தியில எல்லாத்தையும் சொல்லிட்டாங்க! போர்ட்லாண்டு, டோரன்ஸ், எல்லாம் சரியாயிருந்துச்சாம்! நெஸ்டர் முடியாதுன்னுட்டான்! அவன் பொண்ணுக்கு இங்கே பள்ளிக்கூட நாடகத்துல வேஷமாம். இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன்னு அவனே பேட்டி குடுத்துட்டான்!"

நார்பர்ட் நடைபாதை நடுவில் குதித்தார். அறுபத்தெட்டு வயதில் அப்படிக் குதிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மூலை வீட்டுக் கதவு திறந்தது. யாரோ கார் ஹாரனை அழுத்தி எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு நாய் பனியில் வட்டம் போட்டு ஓடியது. ஷூகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் நார்பர்ட்டைக் கட்டிக்கொண்டு போல்கா நடனம் ஆடத் தொடங்கினார்.

ஜோஸி நின்ற இடத்திலேயே நின்றாள். ஆறு மாத உழைப்பு. எத்தனை ஆட்டத்தின் படங்கள், எத்தனை விடியற்காலை விமானங்கள். இரண்டு சொல்லில் போயே போச்சு.

ஆடிக்கொண்டிருந்த நார்பர்ட் மகளின் முகத்தைப் பார்த்தார். காலை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டு வந்தார்.

"ஜோஸி... உனக்கு..."

"அப்பா, ஆடுங்க."

"இல்லம்மா, நீ..."

"ஆடுங்கப்பா! உங்க சீட்டு தப்பிச்சுது!" அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் உதடு சிரித்தது. "நெஸ்டர் இருக்கான்ப்பா. எனக்கும் எட்டு வருஷமா அவன்தான் பிடிச்ச ஆட்டக்காரன்!"

அப்பாவும் மகளும் மண்வெட்டியைச் சுற்றி ஆடினார்கள். அந்தத் தெருவில் அன்றைக்குப் பார்த்தவர்கள் சொல்வார்கள், தாளம் அறவே இல்லை.

*

பேரமே முறிந்து, செய்தியும் வெளியே வந்துவிட்ட பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது?

மறுபடியும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ஜோஸி உப்பு ஜாடியை நெஸ்டர் ஆக்கினாள். மிளகு ஜாடியை டோரன்ஸ் ஆக்கினாள்.

"முட்டி இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும், சித்தப்பா சொன்னது சரி. அதனாலதான் சொன்னேன். இவன் இருபத்திரண்டு. ஆறு வருஷம் நம்மகிட்டயே இருப்பான்."

"நான் அதைத்தானே சொன்னேன்!" சித்தப்பா மேஜையைக் குத்தினார். "அண்ணே, கேட்டுக்கோ! படிச்ச பொண்ணு சொல்லுது!"

"அவ சொல்றது அவளோடது. உன்னோடது வெறும் கார் வியாபாரம்" என்றார் நார்பர்ட். மிளகு ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பையனோட கட்டைவிரல்... நிஜமாவே மாத்திட்டானா?"

"நிஜமாத்தான்ப்பா. காட்டட்டுமா?"

ரோல் ஒன்றை எடுத்து, பந்து மாதிரி பிடித்துக் காட்டினாள். நார்பர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவரே ஒரு ரோலை எடுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல யோசனைதான்" என்றார் கடைசியில்.

ஜோஸி நிமிர்ந்தாள்.

"தப்பான யோசனை. ஆனா நல்ல யோசனை. நான் ஒத்துக்கவே மாட்டேன்." முகம் முழுக்கச் சிரிப்பு. "நீ உப்பை அந்தப் பக்கம் வை. முதல்லேர்ந்து சொல்லு. எங்கெல்லாம் தப்புன்னு காட்டுறேன்."

இரண்டு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் மறுபடியும் நல்ல சண்டை. லொரெய்ன் காப்பியை ஊற்றிக்கொண்டே கணவனையும் மகளையும் பார்த்தாள். எல்லோருக்கும் கேக்கில் ஒரு துண்டு பெரிதாக வெட்டினாள்.

அப்போது போன் அடித்தது. ஆடெல்.

ஜோஸி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். திட்டு விழப்போகிறது என்று தயாராகவே போனை எடுத்தாள்.

"ஸாரி ஆடெல். அவன் சம்மதிப்பான்னுதான்..."

"அதை விடு. பேரம்னா முறியும், நாளைக்கு இன்னொண்ணு வரும். இது வேற விஷயம்." ஆடெல் கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி ஜோஸி கேட்டதே இல்லை. "போர்ட்லாண்டு மறுபடியும் கூப்பிட்டாங்க. இந்தத் தடவை நெஸ்டருக்காக இல்ல. டோரன்ஸோட கட்டைவிரல் மாறினதைப் பேரத்துல நாம சொன்னோமே, அதை யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாங்க. அவங்க அணிக்குள்ளேயே அந்தக் கட்டைவிரலை ரெண்டு பேர்தான் கவனிச்சிருந்தாங்களாம்."

"அதனால?"

"உன்கிட்டப் பேச அனுமதி கேக்கறாங்க. ஆட்டக்காரர்களை எடுக்கற பிரிவுக்கே உன்னைத் தலைவியாக்கணுமாம். வேணாம்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா உன் வழியில நான் குறுக்கே நிக்க மாட்டேன். வியாழக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

ஜோஸி பின்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். தோட்டத்தில் தக்காளிக் கம்புகள் பனித்தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. பயம் மாதிரி இருந்தது. ஆனால் பயம் இல்லை.

இன்றைக்கு முழுக்க ஒரு ரகசியத்தைச் சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தது. இன்னொன்றைச் சுமக்க அவளுக்குத் தெம்பு இல்லை. நேராக மேஜைக்கு வந்தாள்.

"போர்ட்லாண்டு என்னைக் கேக்கறாங்க" என்றாள்.

"எதைப் பத்தி?" என்றார் சித்தப்பா, வாய் நிறையக் கேக்கோடு.

"எதைப் பத்தியும் இல்ல. என்னையே. வேலைக்கு. பெரிய வேலை."

ஃப்ளோரியன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"குடுக்கவே கூடாது!" என்று கத்தினார். எதையும் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாத மனிதரின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "நம்ம பொண்ணு! இங்கேயே பொறந்து இங்கேயே வளந்தவ! இவளுக்குப் பதிலா யாரைத் தருவான் அவன்? யாரைக் குடுத்தா ஈடாகும்? ரேடியோவுக்குப் போன் போடுறேன், இப்பவே!"

"உக்காருடா" என்றார் நார்பர்ட்.

"நெஸ்டரை விடாதேன்னு நாலு நாளா உயிரை வாங்கினியே, இப்ப வாயைத் திறண்ணே! சொல்லு!"

நார்பர்ட் மிளகு ஜாடியை மெல்ல மேஜையில் வைத்தார். மகளின் முகத்தை, பேக்கரி வரிசைக்காரர்களைவிட நன்றாக, கொஞ்ச நேரம் படித்தார்.

"எத்தனை வருஷ ஒப்பந்தம்?"

"தெரியலப்பா. இன்னும் பேசல."

"நாலுக்குக் குறைஞ்சா ஒத்துக்காதே" என்றார். "முதல்ல அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ முந்திக்கிட்டு எதையும் சொல்லிடாதே. இவ்வளவு தூரம் தேடி வந்திருக்காங்கன்னா அவசரம் அவங்களுக்குத்தான்."

"அப்பா, நான் போறேன்னு சொல்லவே இல்லையே."

"போகலைன்னும் சொல்லலையே."

ஜோஸி மேஜையில் இருந்த உப்பு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நம்ம ஸ்டீமர்ஸ் போர்ட்லாண்டுக்கு ஆடப் போகுதுல்ல?" என்று நார்பர்ட் மேஜை விரிப்பைப் பார்த்தபடி கேட்டார். "எப்போ அது?"

"ஜூன் ரெண்டாவது வாரம். மூணு ஆட்டம்."

யோசிக்காமலே வந்துவிட்டது. வந்த வேகத்தைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். பின்கட்டில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவள் மனது ஜூன் மாதம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்பது மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

லொரெய்ன் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில், 'குளிரும், நாலு மணி நேரம் என்னால உக்கார முடியாது' என்று சொல்லிச் சொல்லி, ஒரு ஆட்டத்துக்கும் ஸ்டேடியத்தில் கால் வைக்காதவள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜையில் கணவனுக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் போறேன் அந்த ஜூன் ஆட்டத்துக்கு" என்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் யாராவது சொல்லுங்க. எந்த அணிக்கு நான் கை தட்டணும்?"

நார்பர்ட் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். பேஸ்பாலைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற அந்த இரண்டு பேரும், வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரே நேரத்தில் கேக் தட்டுக்குக் கை நீட்டினார்கள்.